கூண்டில் நின்ற ஆய்வுக்கூடம்

சி.எஸ்.ஐ. என்னும் மூன்றெழுத்தைக் கேட்டதும் நம் பக்கத்தில் எவருக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோதான் முதலில் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ அதே மூன்றெழுத்து ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயர். குற்றம் நடந்த களத்தை ஆராய்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடர், 2015 செப்டம்பர் 27 வரை, 15 பருவங்களாக, 337 பகுதிகள் ஓடிற்று. 2002-03ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் மிகுதியாகப் பார்த்த தொடர் என்ற இடத்தையும் பிடித்தது. ஏ.எக்ஸ்.என். ஒளிபரப்பின் வழியே நம் நாட்டிலும் அதற்குப் பார்வையாளர்கள் இருந்தனர்.

இடையில் சுவை குன்றிச் சோர்ந்துபோன அத்தொடர், 2021ஆம் ஆண்டில் ‘சி.எஸ்.ஐ.: வேகஸ்’ என்ற பெயருடன் மீண்டும் வந்தது. வந்ததோடு நில்லாமல், தன் பழைய தரத்தையும் மீட்டுக்கொண்டது என்பது நம் கணிப்பு. ஒரு கொலைக் கதைத் தொடர் நலிந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது எதனால் நலிந்தது, எதனால் நிமிர்ந்தது என்று பார்க்கப் புகுந்தால், செய்யாத குற்றத்திற்காகச் சிறைக் கம்பிகளுக்குப் பின்னே அமர்ந்திருந்த மனிதர்களிடம் அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது சிறுவர் சிறுமியரை அருகில் அமர்த்திக்கொண்டு பார்க்கத் தக்க தொடரன்று. கதை நடக்கும் ஊர் லாஸ் வேகஸ். சூதாட்ட விடுதிகளால் பெயர்பெற்ற நகரம். மதுவும் சூதும் அங்கே காற்றைப்போல் கலந்திருக்கின்றன. பிரேதப் பரிசோதனை மேசையைக் காமிரா சற்றும் தயங்காமல் நெருங்கிச் செல்கிறது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய பகுதிகள் பல உண்டு.

போர்வைக்குள் ஒரு கணக்கு

தொடரை உருவாக்கிய ஆந்தனி ஜூய்க்கர் அதற்குமுன் அதே லாஸ் வேகஸில் விடுதிகளுக்கிடையே ஆட்களை ஏற்றிச்செல்லும் டிராம் வண்டி ஓட்டியவர். அவர் படைத்த கதைத் தலைவன் துப்பாக்கி வீரனல்லன்; பூச்சிகளை ஆராயும் அறிஞன். கில் கிரிஸ்ஸம் என்னும் அப்பாத்திரத்தில் வில்லியம் பீட்டர்சன் நடித்தார். இரவு நேரப் பணிக்குழுவின் தலைவர், அதிகம் பேசாதவர், புழுவையும் ஈயையும் கண்டால் முகம் மலர்பவர்!

இறந்த உடலை முதலில் தேடி வருபவை ஈக்கள். அவை முட்டையிடுவதும், முட்டை புழுவாவதும், புழு வளர்ந்து கூடாவதும் ஓர் ஒழுங்கில் நடப்பவை. புழு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, வெப்பநிலையையும் கணக்கிட்டால், இறப்பு நேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இது கதைக்காகக் கட்டியதன்று. நீதிமன்றங்களில் எடுத்துக்கொள்ளப்படும் துறைதான்.

முதல் பருவத்தில் ஒரு பகுதி. கணவனால் துன்புறுத்தப்பட்டு வந்த பெண் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். கிரிஸ்ஸம் பூச்சிக் கணக்குப் போடுகிறார். அக்கணக்கோ கணவனுக்குச் சாதகமாக முடிகிறது. வேறொருவராயிருந்தால் அறிவியல் சொல்லிவிட்டது என்று கோப்பை மூடியிருப்பார். இவரோ தன் கணக்கையே ஐயுறுகிறார். உடல் போர்வையில் சுற்றப்பட்டிருந்ததே, அதனால் ஈக்கள் தாமதமாக உள்ளே புகுந்திருக்குமோ? இறந்த பன்றி ஒன்றின் உடலை அதேபோல் போர்வையால் சுற்றித் திறந்த வெளியில் வைத்துவிட்டு, குளிரில் உட்கார்ந்து காத்துக் கிடக்கிறார். (மனித உடல் சிதையும் முறைக்கு அது நெருங்கி வருவதால், இத்துறை ஆய்வாளர்கள் உண்மையிலேயே பன்றியைத்தான் பயன்படுத்துகின்றனர்.) உடன் பணிபுரியும் சாரா சைடல் அங்கே வந்து அவருக்குத் துணையாகிறாள். கணக்குப் பிறழ்ந்ததன் காரணம் புலனாகிறது.

தொடரின் உயிர் அக்காட்சியில் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை இல்லை, துரத்தல் இல்லை. தான் கண்டுபிடித்ததையே நம்ப மறுத்து ஒரு மனிதர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்.

தொடக்கத்திலேயே இன்னொன்றும் நடக்கிறது. வாரிக் பிரௌன் என்னும் இளைஞன், சூதாட்டப் பழக்கம் உள்ளவன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணைக் குற்றக்களத்தில் தனியே விட்டுவிட்டு அகல்கிறான். குற்றவாளி திரும்பி வந்து அவளைச் சுடுகிறான், அவள் இறந்துபோகிறாள். வாரிக்கை விரட்டிவிடுமாறு சுற்றியிருப்போர் எதிர்பார்க்க, கிரிஸ்ஸம் அவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எவருக்கும் இவ்விடம் நெஞ்சைத் தொடும். தவறிய மாணவனை வெளியே தள்ளுவது ஒரு நொடி வேலை; வைத்துக்கொண்டு திருத்துவது ஆண்டுக் கணக்கான வேலை. எட்டு ஆண்டுகளுக்குப்பின், 2008 அக்டோபரில் ஒளிபரப்பான பகுதியில், வாரிக் சுடப்பட்டுக் கிரிஸ்ஸமின் கைகளிலேயே உயிர் விடுகிறான். அடுத்த ஜனவரியில் கிரிஸ்ஸமும் வேலையை விட்டுப் போய்விடுகிறார்.

பிணப்பரிசோதனை மருத்துவராக வரும் ராபர்ட் டேவிட் ஹால் பற்றியும் ஒரு வார்த்தை. 1978இல் நேர்ந்த சாலை விபத்தில் இரு கால்களையும் இழந்தவர் அவர். செயற்கைக் கால்களோடும் ஊன்றுகோலோடும் 15 பருவங்களிலும் நடித்தார். அவரது குறைபாட்டை ஒரு பரிதாபக் கதையாக்கிப் பார்ப்பவரை அழவைக்கத் தொடர் முற்படவில்லை. பாராட்டத்தக்க செயல்.

தேய்பிறை

வெற்றி வந்ததும் கிளைகள் முளைத்தன. 2002இல் மியாமி நகரை வைத்து ஒரு தொடர். 2004இல் நியூயார்க்கை வைத்து ஒன்று. 2015இல் கணினிக் குற்றங்களை வைத்து மற்றொன்று. மூலத் தொடரிலோ கிரிஸ்ஸமுக்குப் பின் லாரன்ஸ் பிஷ்பர்ன் வந்தார். 2011இல் அவர் போய் டெட் டான்ஸன் வந்தார். இருவரும் தேர்ந்த நடிகர்களே. நடிகர் மாறியதால் தொடர் நலிந்தது என்று பலர் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாறியது தொடரின் குணம்.

ஐயம் போய் உறுதி வந்துவிட்டது. கணினித் திரையில் ரேகைகள் படபடவென ஓடி, ‘பொருந்துகிறது’ என்ற சொல் மின்னும். அத்தோடு வழக்கு முடிந்தது. மரபணுச் சோதனையின் முடிவு தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும். உண்மை ஆய்வுக்கூடங்களில் அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. களத்தில் தடயம் பொறுக்குபவர், அதைச் சோதிப்பவர், சந்தேக நபரை விசாரிப்பவர் என்று மூன்று வேலைக்கும் அங்கே வெவ்வேறு ஆட்கள். தொடரில் ஒரே ஆள் மூன்றையும் செய்து, துப்பாக்கியும் ஏந்தி, அழகாகத் தலையும் வாரியிருப்பார்! கொடூரக் கொலையாளிகளின் விசித்திரங்கள் பெருகப் பெருக, போர்வைக்குள் கணக்குத் தேடிய பொறுமை மறைந்தது. ‘மனிதர் பொய் சொல்வர், தடயம் பொய் சொல்லாது’ என்னும் கொள்கை தொடக்கத்தில் ஓர் ஆய்வாளனின் அடக்கமாக ஒலித்தது. பின்னாளில் அதுவே செருக்காயிற்று.

இச்செருக்கு திரையோடு நின்றிருந்தால் கவலையில்லை. அமெரிக்காவில் பெரிய குற்ற வழக்குகளில் பொதுமக்களிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட ஜூரர்களே, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்கின்றனர். இரவில் தொடர் பார்த்துவிட்டுக் காலையில் நீதிமன்றத்தில் அமர்பவர்கள் அவர்கள். வழக்கறிஞர்கள் அலுத்துக்கொண்டு இதற்கு ‘சி.எஸ்.ஐ. விளைவு’ என்றே பெயர் வைத்தனர். மிச்சிகன் மாநிலத்தில் டொனால்டு ஷெல்டன் என்னும் நீதிபதி 2006இல் 1,027 ஜூரர்களிடம் கேட்டுப் பார்த்தார். எந்தக் குற்ற வழக்காயினும் அறிவியல் சான்று ஏதேனும் ஒன்று வேண்டும் என்று 46 விழுக்காட்டினர் எதிர்பார்த்தனர். எல்லா வழக்கிலும் மரபணுச் சான்றே வேண்டும் என்று எதிர்பார்த்தோர் 22 விழுக்காடு. தொடர் பார்ப்போரின் எதிர்பார்ப்பு மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. எனினும் அதனால் அவர்கள் குற்றவாளிகளை அளவுக்கு மீறி விடுதலை செய்துவிடுவதாக அந்த ஆய்வில் தெரியவில்லை.

ஜூரர்கள் அறிவியலை அளவுக்கு மேல் கேட்கிறார்கள் என்பதே அரசு வழக்கறிஞர்களின் குறை. நம் கவலை அதற்கு நேர்மாறானது. அறிவியல் என்ற பெயரில் கொண்டுவந்து வைக்கப்படுவதை அவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டால் என்னாவது?

ஒரு விரல்ரேகையின் கதை

2004ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள். ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்ட அப்பாவி மக்கள் மாண்டனர். வெடிக்கச் செய்யும் கருவிகள் இருந்த பிளாஸ்டிக் பை ஒன்றில் ஒரு விரல்ரேகை கிடைத்தது. அதன் படம் அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டது. கோடிக்கணக்கான ரேகைகள் அடங்கிய கணினிச் சேமிப்பு, ஒத்திருக்கக் கூடியவை என்று 20 பெயர்களை எடுத்துத் தந்தது. அவற்றுள் நான்காவது இடத்தில் இருந்தவர் பிராண்டன் மேஃபீல்டு. ஆரிகன் மாநிலத்தில் வழக்கறிஞர்; அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்; இஸ்லாத்தைத் தழுவியவர்; எகிப்துப் பெண்ணை மணந்தவர்.

இந்த ரேகை அவருடையதே என்று எப்.பி.ஐ.யின் ஆய்வாளர் ஒருவர் சொன்னார். இரண்டாமவர் ஆம் என்றார். மூன்றாமவரும் ஆம் என்றார். முன்னவர் என்ன சொன்னார் என்று அறிந்த நிலையிலேயே பின்னவர்கள் பார்த்தனர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஏப்ரல் மாதத்திலேயே ஸ்பெயின் போலீசார், ‘எங்கள் பார்வையில் பொருந்தவில்லை’ என்று தெரிவித்துவிட்டனர். அதைக் கேட்டுத் தம் முடிவை மறுபடி பார்ப்பதற்குப் பதிலாக, ஸ்பெயின்காரர்களை இணங்கவைக்கவே எப்.பி.ஐ. முயன்றது. மேஃபீல்டின் வீட்டிற்குள் ஆளில்லா நேரத்தில் இரகசியமாக நுழைந்து சோதனையும் நடத்திற்று. மே 6ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். ஆண்டுக் கணக்கில் அவர் அமெரிக்காவை விட்டு வெளியே போனதேயில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

நீதிமன்றம் நியமித்த தனி நிபுணர் ஒருவரும் ரேகையைப் பார்த்தார். மே 19ஆம் நாள் அவரும், அது மேஃபீல்டின் ரேகைதான் என்று உறுதி சொன்னார். ஆக நான்கு நிபுணர்கள்! அதே நாளில் ஸ்பெயின் போலீசார் ரேகைக்கு உரியவனைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தனர். அவன் ஓர் அல்ஜீரியன். மறுநாள் மேஃபீல்டு வெளியே வந்தார். எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006இல் அமெரிக்க அரசு 20 இலட்சம் டாலர் இழப்பீடு தந்தது.

அமெரிக்க நீதித்துறையின் கண்காணிப்பு அலுவலகம் இதை விரிவாக ஆராய்ந்தது. முதல் தவறு நேர்ந்தபோது ஆய்வாளர்களுக்கு அவருடைய மார்க்கம் தெரியாது. இரண்டு ரேகைகளும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன என்றது. ஆனால் ஸ்பெயின் மறுத்த பின்னரும் தம் முடிவை மறுபரிசீலனை செய்யாமல் அவர்கள் பிடிவாதமாக நின்றதற்கு, அதற்குள் தெரியவந்திருந்த அவருடைய மார்க்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும் என்றும் அது சொல்லிற்று. தொப்பியையும் தாடியையும் கண்டால் சோதனைச் சாவடியில் கூடுதலாக நாலு கேள்வி கேட்கப்படுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. வேறுபாடு இவ்வளவே: இங்கே கேள்வி கேட்டது பூதக்கண்ணாடி.

விரல்ரேகை என்றதும் இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் அமைந்தது. குவியல் குவியலாகச் சேரும் ரேகைத் தாள்களை எப்படி வகைப்படுத்துவது என்று திகைத்தபோது, அவற்றை 1,024 அறைகளில் பிரித்து வைக்கும் கணித முறையை வகுத்துத் தந்தவர் காஜி அஜீஜுல் ஹக் என்னும் வங்காளக் காவல்துறை அதிகாரி. உடன் உழைத்தவர் ஹேமசந்திர போஸ். உலகமோ அதை அவர்களுடைய மேலதிகாரியின் பெயரால் ‘ஹென்றி முறை’ என்று அழைத்தது.

மேஃபீல்டு வழக்கு ஒற்றை விபத்தன்று. 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மரபணுச் சோதனை நீங்கலாக, ஒரு தடயம் இன்ன மனிதனுடையதே என்று உயர்ந்த உறுதியோடு எப்போதும் காட்டவல்லது என மெய்ப்பிக்கப்பட்ட தடயவியல் முறை எதுவுமில்லை என்று அது எழுதிற்று. 2015இல் எப்.பி.ஐ. தன் பழைய வழக்குகளைத் திருப்பிப் பார்த்தது. முடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு நிபுணர்கள் எதிரிக்குப் பாதகமாகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளில் 257இல் அச்சாட்சியம் பிழையானது என்று ஒப்புக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ பெண் வேதியியலர் ஒருவர், போதைப்பொருள் மாதிரிகளைச் சோதிக்காமலேயே சோதித்ததாக எழுதி வந்தார். மற்றவர்களைவிட மிகுதியாக வேலை முடிப்பவர் என்ற நற்பெயரும் அவருக்கு இருந்தது! 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017இல் அம்மாநில உயர்நீதிபீடம் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. இருபத்தோராயிரம் தீர்ப்புகள்! எத்தனை தாய்மார்கள் வாசலைப் பார்த்துக் காத்திருந்திருப்பார்கள்!

மீண்டும் ஐயம்

இத்தனையும் நடந்தேறிய பிறகு, 2021 அக்டோபர் 6ஆம் நாள், முதன்முதல் ஒளிபரப்பாகிச் சரியாக 21 ஆண்டுகள் நிறைந்த அன்று, தொடர் திரும்பி வந்தது. பழைய பெருமையைப் பாடிக்கொண்டு வந்திருக்கலாம். அதைத்தான் பெரும்பாலான மறுவருகைகள் செய்கின்றன. இதுவோ தன் ஆய்வுக்கூடத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திற்று.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜிம் பிராஸ், பார்வை மங்கிய முதியவர், தம் வீட்டிலேயே தாக்கப்படுகிறார். அவருக்காகச் சாராவும், அவளைத் தொடர்ந்து கிரிஸ்ஸமும் கடல் பயணத்தை விட்டு ஊர் திரும்புகின்றனர். நூல் பிடித்துப் போகும்போது ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் பணிபுரிந்த டேவிட் ஹாட்ஜஸ், தடயங்களைப் போலியாகத் தயாரித்ததற்கான அடையாளங்கள் கிடைக்கின்றன. அவர் கைபட்ட வழக்குகள் ஆயிரக்கணக்கில். அவை பொய்யென்றால் உண்மைக் கொலையாளிகளுக்கும் சிறைக்கதவு திறக்கும். இத்தனை ஆண்டு உழைப்பும் மண்ணாகும்.

ஹாட்ஜஸைத் தேர்ந்தெடுத்தது கதாசிரியர்களின் கெட்டிக்காரத்தனம். பழைய தொடரில் அவர் யாருக்கும் பிடித்தமான மனிதரல்லர். தற்பெருமைக்காரர், மேலதிகாரியின் ஒரு பாராட்டுக்காக ஏங்குபவர். ‘செய்திருப்பாரோ?’ என்று பார்வையாளருக்கே ஐயம் வரும். கிரிஸ்ஸமுக்கு அவரைத் தெரியும். குற்றமற்றவர் என்று நம்பவும் செய்கிறார். நம்பிக்கை சான்றாகுமா? புதிய தலைவரான மேக்ஸின் ரோபி என்னும் அம்மையார், பழகியவர் என்பதற்காக எவருக்கும் சலுகை காட்டாதவர். நட்பு ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் இழுக்க, பழைய மாதிரிகள் ஒவ்வொன்றாக மறுபடி சோதிக்கப்படுகின்றன. போர்வைக்குள் கணக்குத் தேடிய அந்தப் பழைய கிரிஸ்ஸமை, நரைத்த தாடியோடு, பத்துப் பகுதிகளிலும் மீண்டும் காண்கிறோம்.

குறை இல்லாமலில்லை. முடிவில் ஹாட்ஜஸ் குற்றமற்றவர் என்றும், எல்லாம் தன்னலம் கொண்ட ஒரு வழக்கறிஞரின் சூழ்ச்சி என்றும் கதை முடிச்சை அவிழ்க்கிறது. ஆய்வுக்கூடத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது! இங்கே தொடர் ஒரு படி பின்வாங்கிவிட்டது என்றே சொல்வோம். மேஃபீல்டைச் சிறைக்கு அனுப்பியதில் சூழ்ச்சிக்காரர் எவருமில்லை. நேர்மையான நான்கு நிபுணர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிந்ததே அங்கு நடந்தது. மாசசூசெட்ஸில் நடந்ததற்கும் சதிகாரக் கும்பல் தேவைப்படவில்லை. வேகமாக வேலை முடிப்பவரைப் புகழ்ந்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேளாத மேலதிகாரிகளே போதுமானவர்களாயினர். தொலைக்காட்சிக்கு ஒரு வில்லன் வேண்டும். இத்தகைய தவறுகளுக்கு அவன் வேண்டியதில்லை என்று சொல்லும் துணிவு இன்னும் எந்தத் தொடருக்கும் முழுமையாக வரவில்லை.

அந்தப் பத்துப் பகுதிகளோடு பீட்டர்சனும், சாராவாக நடித்த ஜோர்ஜா ஃபாக்ஸும் விலகிக்கொண்டனர். 2022இல் தொடங்கிய இரண்டாம் பருவத்திற்குப் பழைய குழுவின் காத்ரின் வில்லோஸ் பாத்திரத்தில் மார்க் ஹெல்கன்பெர்கர் வந்து சேர்ந்தார். அவர் நடிப்புக்குக் குறைவில்லை. ஆனால் கதை மறுபடியும் வாரம் ஒரு விசித்திரக் கொலை என்னும் பழைய தடத்தில் இறங்கிவிட்டது. மூன்று பருவங்கள், 41 பகுதிகளுடன் 2024 மே 19ஆம் நாள் அதுவும் நிறைவுற்றது.

பார்க்கத்தான் வேண்டும் என்று விரும்பும் பெரியவர்கள், 2000இல் வந்த முதல் பருவத்தையும் 2021இல் வந்த பத்துப் பகுதிகளையும் பார்த்தால் போதும். இடைப்பட்ட இருபதாண்டுகளில் பெரும்பகுதியை விட்டுவிடலாம். கதை புரியாமல் போகாது. வாரிக்கின் மரணத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். பிள்ளைகள் உறங்கிய பிறகு பாருங்கள்.